மாமாவுக்கு என் இடம்

கிறிஸ்து எல்லாருக்காகவும் மரிக்கவில்லை, பிதா முன்பே தெரிந்தெடுத்தவர்களுக்காக மட்டுமே மரித்தார் என்பது அப்பாவின் விசுவாசம். சிராங்கூன் சாலைக்குப் பின்புறமிருந்த எங்கள் சிறிய சபையில் அவர் மூப்பர். “அவர் சிந்தின ரத்தத்துல ஒரு துளிகூட வீணாப் போகல” என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் இளகும்.

அம்மா திருமணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய அண்ணனோ ஆண்டு தவறாமல் தைப்பூசக் காவடி எடுப்பவர். ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிறு மதியம் கடலைப் பொட்டலத்தோடு வந்து அப்பாவைச் சீண்டுவார்.

“மாப்ளே, உங்க லிஸ்ட்ல எனக்கும் ஒரு சீட்டு போட்டு வைங்க லா.”

“லிஸ்ட் எழுதுறது நானில்ல மச்சான்.”

“அப்ப எழுதுறவர்கிட்ட சொல்லுங்க. சொந்தக்காரன்னு சொல்லுங்க!”

எனக்கு ஒன்பது வயதானபோது மாமா சாரத்திலிருந்து விழுந்தார். மூன்று நாளாகியும் நினைவு திரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் பேருந்தில் அப்பாவிடம் கேட்டேன்.

“இயேசு மாமாவுக்காகவும் செத்தாராப்பா?”

“அது நமக்குத் தெரியாது. ஆண்டவருக்குத்தான் தெரியும்.”

“எனக்காக?”

“உனக்காகத்தான்” என்றார், மூச்சு விடும் நேரம்கூடத் தயங்காமல்.

எங்கள் மாலை ஜெபத்தில் முதலில் நானும் அடுத்து அப்பாவும் ஜெபிப்பது வழக்கம். அன்று முழங்காலிட்டு, நன்கு யோசித்து வைத்திருந்ததைச் சத்தமாகச் சொன்னேன்: “ஆண்டவரே, என் இடத்தை மாமாவுக்குக் குடுத்துடுங்க. எனக்கு வேணாம். ஆமென்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்து அப்பாவின் முறை. அவர் ஜெபிக்கவில்லை. என் மணிக்கட்டை வலிக்கும்படி பற்றியவர், வெகுநேரம் விடவில்லை. கிடைத்ததை உதறிய பாவத்துக்குத் தண்டனை என்றெண்ணி அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. மறுநாள் காலை மாமா இறந்தார். என் இடம் என்னிடமே திரும்பி வந்துவிட்டதென்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

என் ஒரே மகனை அடக்கம் செய்து நாற்பது நாளாகிறது. இருபது ஆண்டுகளாக அவன் ஆலயத்துக்குள் வந்ததில்லை. செங்காங்கில் உள்ள என் வீட்டில் இப்போது மாலை ஜெபத்துக்கு நான் ஒருவனே. இறையியலில் பட்டம் பெற்றவன் நான். அப்பாவின் அந்த உபதேசத்தை எனக்கு வாதிடவும் தெரியும், மறுக்கவும் தெரியும். ஜெபத்தில் மகன் பெயரைச் சொல்லத் தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் எழுந்துவிடுகிறேன்.

பேருந்தில் அப்பா சொன்ன இரண்டு பதில்களில் முதலாவது மட்டுமே அவருடைய விசுவாசத்திலிருந்து வந்தது. என்னைப் பற்றியும் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பது அன்று எனக்குப் புரியவில்லை.