ஐந்து வீட்டுக்கு ஒரு கடவுச்சொல்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் இருக்கிற அன்ரன், கத்தரிக்காய் வாங்கினாலும் நாலு தரம் திருப்பிப் பார்க்கிற மனுசன். வீட்டுக் கணினிக்குப் பாதுகாப்பு மென்பொருள் என்றால் கேட்கவா வேண்டும்? எது வைரஸை ஒழுங்காகப் பிடிக்கும், எது கோப்புகளைத் தானாகவே இணையத்தில் பிரதி எடுத்து வைக்கும் என்று, வேலையால் வந்து களைப்போடு மாதக் கணக்காக வாசித்தார். காரணம் இருந்தது. மகன் அனுஜன் இரத்தப் புற்றுநோயில் இறந்தபோது வயது பதினொன்று. அவன் பாடுகிற, அம்மாவைச் சீண்டுகிற வீடியோக்கள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தன.

கடைசியில் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். நல்ல சாமான்தான், குறை சொல்வதற்கில்லை. ஒன்று வாங்கினால் ஐந்து கணினிக்குப் போடலாம். எங்கள் சனம் அதை விடுமா? தங்கை வீடு, மச்சான் வீடு என்று எல்லோரும் ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லோடு ஏறிக்கொண்டார்கள். மாட்டேன் என்று முகத்தை முறிக்கவும் முடியாது. அன்ரனும் பெருமையோடுதான் கொடுத்தார்.

வீடியோக்களை மட்டும் அவர் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. மனைவி மங்கையற்கரசிக்கு அந்தக் குரலைக் கேட்கத் தைரியம் இல்லை, அவருக்கும்தான். கணினி பழுதாகிப் போனபோதுகூட அவர் பதறவில்லை. அதுதான் பிரதி இருக்கிறதே. பழையதை எறிந்துவிட்டுப் புதிய கணினி ஒன்றை வாங்கி வைத்தார்.

மகன் போன மூன்றாம் வருடம், அவனுடைய பிறந்தநாளன்று, மங்கையற்கரசி கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

“இண்டைக்குப் போடுங்கோ. கேப்பம்.”

அன்ரன் இணையச் சேமிப்பைத் திறந்தார். மற்ற வீடுகளில் பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்தியவீட்டுப் படங்கள், வரிக் கடிதங்கள் எல்லாம் இருந்தன. அனுஜனின் வீடியோக்கள் இல்லை. அழித்தவை கிடக்கும் இடத்திலும் இல்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்துக் கேட்டார். தங்கை மகள் மெலனிதான் ஒப்புக்கொண்டாள்.

“ஓம் மாமா, இடம் நிரம்பீட்டுது எண்டு வந்தது. என்ர அவுஸ்பில்டுங் தொழிற்படிப்பு வேலையள் ஒண்டும் ஏறேல்லை. ஆரும் திறக்காத பெரிய ஃபோல்டர் ஒண்டு கிடந்தது. பழைய கொம்பியூட்டரின்ர எண்டு போன வருசமே அழிச்சிட்டன். ஏன், முக்கியமானதே?”

அந்தப் பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது? கடவுச்சொல் என்ற திறப்பை எல்லோர் கையிலும் கொடுத்தவர் அவர்தானே.

“இல்லையம்மா. சும்மா கேட்டன்.”

திரும்பி வந்தபோது மங்கையற்கரசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் வீடியோவைப் போட்டுவிட்டுத்தான் போனார் என்று நினைத்து வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

“ஒண்டும் கேக்கேல்லையப்பா. சத்தத்தைக் கூட்டி விடுங்கோ.”

அன்ரன் கூட்டினார்.