முதல் ஓட்டையில் நின்ற குழாய்

பேய் வழிவிட்டதால் டாக்டர் பட்டம் வாங்கியவள் இந்தியாவிலேயே ஒருத்திதான். பெயர் லீலாவதி. படிப்பு ரசாயனம். ஊர் டில்லி. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யத் தயார், அவ்வளவு நிஜம். கதை என்றால் கொஞ்சம் உப்பும் காரமும் தூவத்தான் வேண்டியிருக்கிறது. அன்றைக்குப் பனியைக் கத்தியால் வெட்டிப் பொட்டலம் கட்டலாம் போல இருந்தது என்று சொன்னால், அதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். ஆனால் அந்தப் பேனாவைப் பற்றிச் சொல்வதில் இம்மியும் தள்ளாதீர்கள். அது நடந்தது நடந்தபடி.

எண்பதுகளின் ஆரம்பம். தெற்கு டில்லியில் ஓர் ஆராய்ச்சி மையம், அதில் ஒரு மெஷின். வடக்கே பாதி கல்லூரிகளுக்கு அது ஒன்றுதான் கதி. பீரோ அளவுக் காந்தம். கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் போனால் கடிகாரம் அங்கேயே உயிரை விடும். ஒரு பேராசிரியரின் பல்செட்டையே அது இழுத்ததாகப் பேச்சு உண்டு. காந்தத்தின் நடுவில், பென்சிலை விட ஒல்லியான கண்ணாடிக் குழாயில் நம் பொருளைக் கரைத்து வைத்தால், குழாய் சுழலும். எதிரே ஒரு பேனா காகிதத்தில் ஊர்ந்து, மேடும் பள்ளமுமாகக் கோடு போடும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு, மனிதனுக்குக் கைரேகை இருப்பது போல. ஒன்றின் கோடு இன்னொன்றுக்கு வரவே வராது.

அந்த மெஷினில் நேரம் வாங்குவது, டில்லியில் காஸ் கனெக்‌ஷன் வாங்குவதை விடக் கஷ்டம். மனுப் போட வேண்டும். கைடு கையெழுத்துப் போட வேண்டும். கமிட்டி கூட வேண்டும். கமிட்டி செக்ரட்டரி ராமசுப்ரமணியன் கும்பகோணத்துக்காரர். திருப்பி அனுப்புவதில் மன்னன். லீலாவதி மழைக்காலத்தில் மனுப் போட்டாள். பொருளின் எடையை எழுதவில்லை என்று திரும்பி வந்தது. எழுதினாள். வேறு இடத்தில் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டு வந்தது. வேறு இடமே இல்லை என்று எழுதினாள். கடைசியில் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை கிடைத்தது.

கிடைத்திராவிட்டால் அவள் கதை முடிந்தது. மாதக் கடைசியில் கைடு ரிடையர் ஆகிறார். அதற்குள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் புது கைடு, புதுத் தலைப்பு, எல்லாம் முதலிலிருந்து. தீசிஸில் குறை ஒரே ஒரு சார்ட், அந்தப் பேனா போடும் கோடு. அதற்கான பொருளோ, மாதக்கணக்கில் காய்ச்சி வடித்ததில் ஒரு சிட்டிகைதான் தேறியிருந்தது. ஐஸை விட்டு எடுத்தால் மத்தியானத்துக்குள் பழுப்பேறிக் கெட்டுவிடும். அதை அம்மாவின் காபி ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு வைத்து எடுத்து வந்தாள்.

அந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காலைக்கு நாலைந்து பேரைக் கூப்பிடுவார்கள். யார் முதலில் என்பதை மெஷின் ரூமுக்கு வெளியே இருக்கிற மர ஸ்டாண்டு தீர்மானிக்கும். வந்தவுடன் நம் குழாயை அதன் ஓட்டையில் நிறுத்திவிட வேண்டும். டில்லிப் பால் பூத்தில் விடியற்காலையில் ஆளுக்குப் பதில் பாட்டிலை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்களே, அதே சட்டம்தான். பாட்டில் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் குழாயைத் தொட்டவன் அந்தக் கட்டடத்தில் தலைகாட்ட முடியாது.

அன்றைக்குப் பஸ் ஊர்ந்துதான் வந்தது. முன்னால் கண்டக்டர் டார்ச்சோடு நடந்தான் என்று கூடச் சொல்லலாம். மாடிப்படி அடியில் கணப்புச் சட்டியோடு காவல்காரன், சௌக்கிதார்.

"பையா, வேற யாராவது வந்தாச்சா?" என்று, அண்ணா முறை வைத்து ஹிந்தியில் கேட்டாள்.

யாரும் வரவில்லை என்று கையை விரித்தான்.

சந்தோஷமாக மாடிக்கு ஓடினாள். ஸ்டாண்டைப் பார்த்தாள். முதல் ஓட்டையில் ஒரு குழாய் நின்றது.

பெயர் ஒட்டவில்லை. தேன் நிறத்தில் ஏதோ இருந்தது. வராந்தாவில் ஆள் இல்லை. ஃபிளாஸ்க்கில் இருந்ததில் பெரும்பாகத்தைக் கரைத்துத் தன் குழாயில் ஊற்றி, அதை இரண்டாவது ஓட்டையில் நிறுத்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். குளிரில் அவள் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. ஊதி விளையாடினாள்.

நிறுத்தினாள்.

பெஞ்சின் அந்தக் கோடியிலும் புகை வந்துகொண்டிருந்தது. சின்னதாக. மூச்சு விடுகிற கணக்கில்.

பனி உள்ளே புகுந்திருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் எழுந்து நின்றுகொண்டாள்.

குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக நல்லசிவம் வந்தார். மெஷினை ஓட்டும் அதிகாரி. திருநெல்வேலிக்காரர். சாமி, பூதம், ராகுகாலம் எதையும் ஒத்துக்கொள்ளாதவர். உலகத்தில் புரியாத எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்த ஒரே விடை, வோல்டேஜ்.

"வந்துட்டியளா? இந்தப் பனியில நாய் கூட வராதுன்னு நெனச்சேன்."

"எனக்கு முன்னாடியே ஒருத்தர் வந்திருக்கார், சார். யாருடையது இது?"

"தெரியலையே. டீ குடிக்கப் போயிருப்பாரு."

"சார், என் சாம்பிள் தாங்காது. ப்ளீஸ், என்னோடதை ஜல்தி போட்டுடலாமே."

"வரிசை வரிசைதாம்மா. நான் மாத்த மாட்டேன். அவுக வரட்டும்." சொல்லிவிட்டு மெஷினைத் தயார் செய்ய உள்ளே போனார்.

காத்திருந்தாள். யாரும் வரவில்லை. ஐஸ் கரைந்து ஃபிளாஸ்க்கில் களக் களக் என்றது. அவள் குழாயில் தண்ணீர் போலிருந்த பொருள் லேசாக மஞ்சள் தட்ட ஆரம்பித்தது.

அப்போதுதான் அதைச் செய்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். முதல் ஓட்டையிலிருந்து அந்தக் குழாயை உருவினாள்.

சுரீரென்றது. குளிர்ந்ததால் அல்ல. அது வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இவ்வளவு நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் கொடுத்த மாதிரி...

இரண்டாவது ஓட்டையில் அதைத் தள்ளினாள். தன்னுடையதை முதலில் வைத்தாள். "சார், அவர் வரலை. நான்தான் ஃபர்ஸ்ட்," என்று குரல் கொடுத்தாள்.

நல்லசிவம் அவள் குழாயைக் காந்தத்துக்குள் இறக்கினார். ஊய்ங் என்று சுழன்றது. பேனா கிளம்பியது. கிர்ர்... கிர்ர்...

அவளுக்கு எங்கே மேடு வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அங்கே ஒன்றுமில்லை. வரக்கூடாத இடத்தில் மூன்று மேடு கூராக எழும்பியது.

"இது என்னோடது இல்ல சார்."

"அழுக்குக் குழாயா இருக்கும். இன்னொரு தடவ ஓட்டுதேன்."

ஓட்டினார். அதே மூன்று மேடு.

"வோல்டேஜ்," என்றார்.

மறுபடியும் ஓட்டினார். அதே மூன்று. ஒரு மயிரிழை பிசகவில்லை.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. அவள் குழாயை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். காந்தத்தின் நடுவில் இப்போது ஒன்றுமே இல்லை. வெறும் காற்று. பேனா நேர்கோடு போட வேண்டும்.

கிர்ர்... என்று கிளம்பியது.

மூன்று மேடு.

குழாயே இல்லாத இடத்திலிருந்து ஊய்ங் என்ற சத்தம் மட்டும் வந்தது.

"சார்... என்ன சார் சுத்தறது?"

அவர் குனிந்து காந்தத்துக்குள் பார்த்தார். காலி.

பட்டென்று கரண்ட் போயிற்று. விளக்கு அணைந்தது. ஜன்னல் பூராவும் பனி. அறை கருப்பாயிற்று. காந்தத்தின் உறுமல் அடங்கியது. விசிறி நின்றது.

பேனா நிற்கவில்லை.

கிர்ர்...

இருட்டில் அது நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

கிர்ர்... கிர்ர்...

ஓரம் வரை போயிற்று. தானே திரும்பி வந்தது.

மறுபடியும் தொடங்கியது.

யாரோ அவசரமே இல்லாமல்...

தன் முறைக்காக...

"நான்தான்," என்றாள் லீலாவதி. "நான்தான் மாத்தி வெச்சேன். மாஃப் கரோ... மன்னிச்சுக்கோங்கோ. நீங்கதான் முதல்ல."

பேனா நின்றது.

கரண்ட் வந்தது.

அவளே போய் அந்தக் குழாயை எடுத்து வந்தாள். இன்னும் வெதுவெதுப்பு குறையவில்லை. நல்லசிவம் வாங்கி உள்ளே இறக்கினார். மூன்று மேடு, சுத்தமாக. குழாயை முதல் ஓட்டையில் திரும்ப நிறுத்தி, சார்ட்டைக் கிழித்துச் சுருட்டி, வழக்கப்படி அதன் பக்கத்தில் வைத்தாள்.

அப்புறம் அவளுடையது. எல்லா மேடும் அதனதன் இடத்தில், கோலம் போட்ட மாதிரி. சாதாரணமாகக் கரண்ட் போய் வந்தால் அந்தக் காந்தம் நிலைக்கு வர அரை நாள் ஆகும். அன்றைக்குப் போனதே தெரியாத மாதிரி நின்றது.

வெளியே வந்து பார்த்தாள். முதல் ஓட்டை காலி. சார்ட்டும் இல்லை. மாடிக்கு ஒரே படிக்கட்டு. அதன் அடியில் சௌக்கிதார் கணப்போடு உட்கார்ந்திருந்தான். இவர்களைத் தவிர யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை.

இறங்காவிட்டாலும் ஏறியவர் ஒருவர் உண்டு, அதற்குச் சற்றுப் பிறகு. செக்ரட்டரி ராமசுப்ரமணியன். மேஜையில் கிடந்த சார்ட் குவியலைப் பார்த்தார்.

"என்னய்யா இது? ஒரே சாம்பிளுக்கு ரெண்டு விதமா வந்திருக்கு?"

"வோல்டேஜ் சார்," என்றார் நல்லசிவம் சட்டென்று.

"அப்போ மெஷின் கோளாறு. கோளாறான அன்னிக்கு வந்த சார்ட் எதுவும் செல்லாது. எல்லாத்தையும் குடும்." லீலாவதியின் நல்ல சார்ட்டையும் சேர்த்து வாரிக்கொண்டார். அவள் கெஞ்சினாள். திங்கட்கிழமை கமிட்டி ரூமுக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். மிச்சம் இருந்த துளி டிகாக்‌ஷன் மாதிரி ஆகியிருந்தது. இனி அந்தச் சார்ட் ஒன்றுதான்.

ஞாயிறு முழுக்கச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. திங்கட்கிழமை செக்ரட்டரி எதிரில் அவளும் நல்லசிவமும் நின்றார்கள். நடந்ததைச் சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே அந்த மூன்று மேட்டுச் சார்ட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

"தேன் கலரா?"

"ஆமாம் சார்."

"ஜோதிலிங்கம்," என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். "இந்த மூணு மேடு வரும்னு மனுவிலேயே வரைஞ்சு அனுப்பினவன் அவன் ஒருத்தன்தான். இந்தப் பொருளை வேற ஒருத்தரும் இதுவரைக்கும் செஞ்சதில்லை. எத்தனையோ தடவை நான்தான் திருப்பி அனுப்பினேன். போன ஜனவரியிலே ஒருவழியா நேரம் கொடுத்தோம். இதே மாதிரி பனி. நம்ம கேட்டுக்கு எதிர்த்தாப்ல ரோடைத் தாண்டறச்சே லாரி..."

தண்ணீர் குடித்தார்.

"குளிர்ல உறைஞ்சுடுமாம் அது. அதனால கையிலே பொத்திண்டு வந்திருக்கான். ஆஸ்பத்திரியிலே விரலைப் பிரிக்க முடியலை. பிரிச்சப்போ குழாய் உடையவே இல்லை. உடம்பு ஜில்லிட்டுக் கெடக்கு, குழாய் மட்டும் சுட்டுதாம். அவனோட அம்மா அதை அவன் கையிலேயே வெச்சுக் கொளுத்தச் சொல்லிட்டா. நான் பக்கத்திலே நின்னேன். அந்தக் குழாய் எரிஞ்சு போச்சும்மா."

கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார்.

அப்புறம் செக்ரட்டரி செக்ரட்டரி ஆனார். "இதையெல்லாம் நான் கமிட்டிக்கு எழுத முடியாது. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். நல்லசிவம், சனிக்கிழமை மெஷின் சரியா இருந்துதா, இல்லையா? வோல்டேஜ் கோளாறுன்னா இந்தப் பொண்ணோட சார்ட்டைக் கிழிச்சுப் போட்டுடறேன். கோளாறு இல்லேன்னா, அந்த மூணு மேடு எங்கேருந்து வந்ததுன்னு நீர் சொல்லணும்."

லீலாவதி நல்லசிவத்தைப் பார்த்தாள். ஊரெல்லாம் சிரிக்கும் என்று அவருக்கும் தெரியும். காலமெல்லாம் அடுத்தவர்களைப் பார்த்துச் சிரித்தவர் அவர்.

குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். இந்தப் பிள்ளையோட சார்ட் சுத்தமான சார்ட்டு. நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன்."

"வோல்டேஜ்னீரே?"

"கரண்டே இல்லாதப்ப வோல்டேஜ் எங்கேருந்து சார் வரும்? நடந்தது நெசம்." அவர் குரல் இறங்கியது. "இவுகளுக்குக் கூடத் தெரியாது. இருட்டுல பேனாவ நிறுத்திருவோம்னு கைய வச்சேன். அங்க ஏற்கெனவே ஒரு கை இருந்துது சார்... என் விரல ஒண்ணொண்ணா, மெள்ள, எடுத்து விட்டுது."