அண்ணி சர்வரைக் குடிவைத்த கதை

எங்கள் அண்ணிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரைப் பார்க்கிற எல்லோரும் முதலில் அதைத்தான் கவனிக்கிறார்கள். கொஞ்ச நேரம் பேசிய பிறகு அதை மறந்துவிட்டு, "அப்பப்பா, என்ன வாய்!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. வாயைச் சும்மா வைத்திருக்க வழியில்லை.

வேலை போக மீதி நேரத்தில் அண்ணி ஒரு இணையதளம் நடத்துகிறார். பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைப் பலர் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். மாணவர்கள் அதை இறக்கிக் கேட்டுப் படிப்பார்கள். அங்கே அண்ணியின் சட்டம் ஒன்று உண்டு: எந்தப் புத்தகத்துக்கும் இரண்டு குரல். முதல் ஆள் பாதியில் கழன்றுகொண்டால் இரண்டாவது ஆள் மறுநாளே தொடர வேண்டும். நான் வரலாற்றுக்கு முதல் குரல். "உனக்குக் கட்டாயம் ரெண்டாவது ஆள் வேணும்" என்று அண்ணி சொன்ன தொனி எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

தளம் முதலில் ஒரு கம்பெனியின் ஹோஸ்டிங்கில், அதாவது அவர்கள் கம்ப்யூட்டரில் வாடகைக்குப் பிடித்த இடத்தில், இருந்தது. போன பரீட்சை சமயத்தில் எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் பாடங்களை இறக்க, அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொல்லி அவர்கள் தளத்தையே நிறுத்திவிட்டார்கள். மெயிலுக்குப் பதில் இல்லை. பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக ஒரு மன்னிப்புக் கடிதம் வந்தது. அதற்குள் ஒரு பெண், படிக்க ஒன்றும் கிடைக்காமல், வரலாற்றுத் தாள் எழுதவே போகவில்லை. அண்ணி அதைக் கேட்ட அன்று வாய் திறக்கவில்லை. அவர் திட்டினால்கூட நாங்கள் தாங்குவோம். பேசாமல் இருந்தால் வீடு வீடாகவே இருக்காது.

மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து தளத்தைத் தாங்குகிற கம்ப்யூட்டரான சர்வர் ஒன்றைப் பழையதாக வாங்கி, தளத்தை அதில் ஏற்றி, வீட்டிலேயே வைத்தோம். சமையலறைக்குப் பக்கத்து அறையில் அது இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்தது. அண்ணிக்கு அந்த இரைச்சல் பாடமாகிவிட்டது. "இன்னிக்கு ஃபேன் கரகரங்குது, தூசி தட்டு" என்பார். திறந்து பார்த்தால் தூசி இருக்கும். ஆனால் கரண்ட் போனால் தளமும் போனது. நாலு பேர் சேர்ந்தாற்போல் வந்தாலே வீட்டு இணைப்புக்கு மூச்சு வாங்கியது. அடுத்த பரீட்சை வந்தால் கதை கந்தல்தான்.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். கோலொகேஷன் என்று ஒன்று இருக்கிறது அண்ணி, என்று ஆரம்பித்தேன். சர்வர் நம்முடையது. அதை ஒரு டேட்டா சென்டரில் கொண்டுபோய் வைப்போம். இடம், தடைபடாத கரண்ட், குளிர்ச்சி, வேகமான இணைப்பு எல்லாம் அவர்கள் தருவார்கள்.

லாரி ஓட்டுகிற எங்கள் அண்ணன் எங்கோ வழியிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ மாடு நம்மளுது, கொட்டகை அவங்களுது."

"மாட்டுக்கு உடம்பு சரியில்லன்னா?" என்றார் அண்ணி.

"நாமதான் போய்ப் பாக்கணும்."

"நாமன்னா யாரு? உங்க அண்ணன் மாசத்துல பாதி நாள் ரோட்டுல இருக்காரு."

"நான் இருக்கேனே."

"நீ போன் எடுத்தா இருக்க."

மறுநாள் இருவரும் டேட்டா சென்டருக்குப் போனோம். அண்ணியின் ஆஸ்பத்திரிக்குப் போகும் அதே பஸ்தான், இன்னும் கொஞ்ச தூரம். அங்கிருந்த மேனேஜர் வியாபாரிக்குரிய வழவழப்பு இல்லாத மனிதர்.

"மேடம், தையல் கடை, துணிக்கடை மாதிரி சின்ன சைட்டுன்னா வேற நல்ல கம்பெனியில வாடகைக்கே இருங்கன்னு நானே திருப்பி அனுப்பிடுவேன். உங்களுக்குச் சொந்த மெஷின் இருக்கு, டவுன்லோடும் நிறைய இருக்கு. அது சரி. ஆனா ரிப்பேர்னா வந்து பாக்க ஆள் வேணும். எங்க பசங்க ஒயரைச் சொருகுவாங்க, பட்டனை அழுத்துவாங்க. டிஸ்க்ல மட்டும் கை வைக்க மாட்டாங்க. உள்ள பல டிஸ்க் இருக்கும், ஒண்ணு கெட்டா மத்தது தாங்கும். கெட்டதுக்குப் பதிலா நல்லதை உருவிட்டா உள்ள இருக்கிற எல்லாம் போயிடும். யாரு வருவாங்க?"

"முதல் ஆள் நான். ரெண்டாவது ஆள் இவன்" என்றார் அண்ணி.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே இரண்டு எட்டு வைத்ததும் அண்ணி நின்றுவிட்டார். வரிசை வரிசையாக ஆளுயர ரேக்குகள். ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகச் சர்வர்கள். அத்தனை ஃபேன்களும் சேர்ந்து ஒரே பேரிரைச்சல். தெருவில் சைக்கிள் வருவதையும், அறையில் ஆள் நிற்பதையும், பால் பொங்கி வருவதையும் காதாலேயே தெரிந்துகொள்கிறவர் அவர். என் கையைப் பிடித்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என் கையைப் பிடித்து நடந்ததில்லை.

"வெளிய போலாம்" என்றார். "இங்க எனக்குக் காதும் போச்சு."

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இவரை ஏன் இங்கே கூட்டிவந்தோம் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. பரவாயில்லை அண்ணி, வேறு வழி பார்ப்போம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சார், உள்ள ஒரு இடத்துல தரையிலிருந்து சில்லுன்னு வந்துச்சே, அது என்ன?"

ரேக்குகளின் முன்பக்கத்தில் தரைப்பலகைகளில் ஓட்டை இருக்கும், குளிர்காற்று அது வழியாகத்தான் வரும் என்றார் மேனேஜர். சர்வர்கள் அதை முன்னால் இழுத்துப் பின்னால் சூடாக விடும்.

"அப்போ ஒரு சந்து குளிரு, அடுத்த சந்து சூடா?"

"ஆமா மேடம். எல்லா வரிசையும் அப்படித்தான்."

அண்ணி எழுந்தார். செருப்பைக் கழற்றினார். இரைச்சலுக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். இந்த முறை என் கையைத் தேடவில்லை. வெறுங்காலால் ஓட்டைப் பலகைகளைத் தடவிக்கொண்டே நடந்தார். முகத்தில் குளிர் அடித்தால் நேராகப் போனார். கன்னத்தில் சூடு பட்டால் திரும்பினார். வரிசையின் கடைசி ரேக் வரை போய், அதைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"கடைசி ரேக்கைக் குடுங்க. அடையாளத்துக்குக் கதவுல ஒரு நாடா கட்டிக்கிறேன்" என்றார். மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. எந்த டிஸ்க் கெட்டது என்பதைச் சர்வரில் எரியும் மஞ்சள் விளக்குதான் காட்டும். அண்ணி வேறு வழி செய்தார். எத்தனையாவது டிஸ்க் என்பதைப் போனுக்குச் செய்தியாக வரவைத்தோம். போன் அதை வாசித்துச் சொல்லும். டிஸ்க் வைக்கும் தட்டுகளில் சட்டைப் பொத்தான்களை ஒட்டினார். முதல் தட்டில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு என்று வரிசையாக. ஊர் திரும்பிய அண்ணன், "என் சட்டையெல்லாம் பல்லு விழுந்து நிக்குது" என்று புலம்பினார். மாற்று டிஸ்க் ஒன்றை அந்த ரேக்கிலேயே அண்ணி வைத்துவிட்டார்.

பரீட்சை வந்தது. வரலாற்றுத் தாளுக்கு முந்தின நாள், போனை அணைத்துவிட்டு ஒரு பாடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அண்ணியின் அழைப்புகள் வரிசையாக நின்றன. ஒரு டிஸ்க் போய்விட்டது. பதறிப்போய் ஓடினேன்.

"உள்ள இருக்காங்க" என்றார் மேனேஜர். "கூட வரட்டுமான்னு கேட்டேன். கதவை மட்டும் திறங்கன்னுட்டாங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கடைசி ரேக்கின் முன்னால், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணி நின்றிருந்தார். விரல் பொத்தான்களைத் தடவியது. ஒரு தட்டில் நின்றது. நம்பாமல் மறுபடி முதலிலிருந்து தடவி அதே தட்டுக்கு வந்தது. அது தவறான டிஸ்க் என்றால் அத்தனை பேரின் குரலும், நாளைக்குப் பரீட்சை எழுதப் போகிறவர்களின் படிப்பும் அந்த நிமிஷமே காலி. அண்ணி உருவினார். புதியதைச் செருகினார். சிறிது நேரத்தில் அவர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. அதைக் காதில் அழுத்தி, எல்லாம் சரியாகிவிட்டது என்ற செய்தியைக் கேட்டவர், அப்படியே ரேக்கில் சாய்ந்துகொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டு மனுஷி என்று மேனேஜரிடம் சொல்லவேண்டும் போல இருந்தது, சொன்னேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணிக்குப் போன் வந்தது. போன முறை பரீட்சைக்குப் போகாமல் விட்ட அதே பெண், இந்த முறை எழுதுகிறாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, எட்டாவது பாடம் கேக்குறேன். அந்த மாமா ஏன் பஸ்ஸை விட்டுடுவோம்ங்கிற மாதிரி படிக்கிறாரு?"

"காலையிலேர்ந்து கேக்குறியா? நடுவுல எங்கயாவது நின்னுச்சா?"

"இல்லக்கா. நல்லாத்தான் போகுது. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். ரெண்டாவது ஆளைப் படிச்சு அனுப்பச் சொல்றேன். நீ அடுத்த பாடத்தைக் கேளு" என்று அண்ணி போனை வைத்தார். அப்புறம் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "மாமாவாம்" என்று சிரிக்க ஆரம்பித்தவர், நாங்கள் இறங்கும் வரை நிறுத்தவில்லை.