நாலுலதான் நிக்குது

என் மாமா கட்டிய ரேஸ் கார் நேராகப் போகும்வரை தங்கமான பிள்ளை. வளைந்தால்தான் அதற்குப் பேய் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கே யாராவது மாமாவிடம் சொல்லியிருந்தால் அவர் மூன்றாவது தடவை இன்ஜினைப் பிரித்திருக்க மாட்டார். சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். அப்போது எனக்குப் பத்து வயது, வாய் மட்டும் முப்பது.

மாமா அம்மாவின் தம்பி. திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் மெக்கானிக் வேலை. அங்கே சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் எல்லாம் அவர் கையில்தான். முதலாளியின் மகனுக்கு ரேஸ் கிறுக்கு. சின்ன முதலாளி என்று கூப்பிடுவார்கள். அவர் ஒருநாள் நெட்டிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்து, "மாஸ்டர், இது மாதிரி ஒண்ணு கட்ட முடியுமா?" என்று கேட்டாராம். கடைக்குப் போய் அரைக்கிலோ வெங்காயம் வாங்கி வா என்று அம்மா சொன்னால் முடியாது என்கிற மனுஷன், இதற்கு உடனே முடியும் என்று சொல்லிவிட்டார்.

எட்டு மாதத்தில் கட்டியும் விட்டார். இரும்புக் குழாய்களை வளைத்து ஒரு கூடு, புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் பிடித்த ஒரு சின்னக் கார் இன்ஜின், முன்னால் ஃபைபரில் ஒரு மூக்கு, இரண்டு சீட். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது, கதவும் கிடையாது. நாலு பேர் சேர்ந்தால் கையால் தூக்கி நகர்த்தலாம். அம்மா போய்ப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, பாதில வுட்டுட்டியா?" என்று கேட்டாள்.

"இதான்க்கா முழுசு."

"குந்தறதுக்கு மின்னாடியே கீய வுயுந்துடுவான் போலகீதே."

அம்மா சொன்னதை யார் கேட்டார்கள்?

கார் முதல் தடவை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்குக்குப் போய் வந்ததும் தொல்லை ஆரம்பித்தது. இன்ஜினுக்குள் எண்ணெயை ஒரு பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். எவ்வளவு அழுத்தமாகத் தள்ளுகிறது என்று காட்ட டேஷ்போர்டில் ஒரு வட்ட மீட்டர். முள் நாலு கிலோவில் நின்றால் எல்லோருக்கும் சந்தோஷம். ஒன்றுக்குக் கீழே போனால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி இன்ஜின் கதை முடிந்துவிடும். டிராக்கில் முள் விழுகிறது என்றார் சின்ன முதலாளி.

"எங்க சார் வுயுது?"

"ஓட்டும்போதுதான் மாஸ்டர்."

"அத்தான் சார், டிராக்ல எந்த எடத்துல?"

"நான் ரோட்டப் பாப்பனா, மீட்டரப் பாப்பனா?"

வண்டியை நிறுத்திப் பார்த்தால் முள் நாலில் சமர்த்தாக நிற்கும். யார்டுக்குள் நேராக ஓட்டிப் பார்த்தாலும் நாலு. மாமாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. போதாததற்கு யார்டில் இருந்த அத்தனை பேரும் டாக்டர் ஆனார்கள். டிரெய்லர் டிரைவர் ஒருவர், "எண்ண தண்ணியா கீது மாமே, கெட்டியா ஊத்து" என்றார். ஊற்றினார். விழுந்தது. கிரேன் ஆபரேட்டர், "மீட்டரு டூப்பு" என்றார். மீட்டரை மாற்றினார். புது மீட்டரிலும் அதே முள், அதே விழுகை. பம்ப்பை மாற்றினார். ஃபில்டரை மாற்றினார். இன்ஜினை இரண்டு தடவை பிரித்து மாட்டினார். வாட்ச்மேன் திருஷ்டி என்றார். பூசணிக்காய் உடைத்தார்கள். அந்தப் பூசணிக்காயில் வழுக்கி விழுந்து வாட்ச்மேனுக்குக் கை சுளுக்கியதுதான் மிச்சம்.

கடைசியில் சின்ன முதலாளி கெடு வைத்தார். அடுத்த தடவையும் டிராக்கில் முள் விழுந்தால், காரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவார். அங்கே இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விழாவிட்டால் கார் மாமா கையிலேயே இருக்கும், ரேஸ் அன்றைக்கு மாமாதான் மெக்கானிக். அதற்காக மாமா நீல நிறத்தில் ஒரு ஓவரால் தைத்து வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தால்கூட அதைப் போட்டுக்கொண்டு உட்காருவார். எங்களுக்குத்தான் பார்க்கச் சகிக்காது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வண்டி வளையும்போது ஓட்டுகிறவனால் மீட்டரைப் பார்க்க முடியாது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்தால்? இப்போது என்றால் ஒரு போனை ஒட்டவைத்து வீடியோ எடுத்துவிடுவார்கள். அன்று மாமாவிடம் இருந்தது பட்டன் போன். இடது பக்க சீட்டில் பாதியை பேட்டரிப் பெட்டி பிடித்துக்கொண்டிருந்தது. யார்டில் இருந்த தொப்பைகள் எதுவும் அதில் நுழையாது. நான் நுழைவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காசிமேட்டில் மீன் வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப் போனார். யார்டு காலி. அந்தப் பக்கத்து சீட்டுக்கு பெல்ட் இன்னும் வரவில்லை. லோடுக்கு மேல் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றால் என்னை சீட்டோடு சேர்த்துக் கட்டினார்.

"முள்ள மட்டும் பாரு. வேற இன்னாத்தையும் பாக்காத. நான் கேக்க சொல்ல நம்பர சொல்லு."

"இன்னா குடுப்ப?"

"பிரியாணி. வாய மூடிகினு குந்து."

வாயை மூடிக்கொண்டு எப்படி நம்பர் சொல்வது என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அடுக்கி வைத்த கன்டெய்னர்களை இடமும் வலமுமாகச் சுற்றி ஓட்டினார். முதல் சுற்று மெதுவாக, அப்புறம் வேகமாக. இடது பக்கம் திரும்பும்போது நான் சாய்ந்து மாமாவின் தோளில் முட்டுவேன். அது ஜாலி. கண்ணை அகலத் திறந்து பார்ப்பேன். முள் நாலு. "நாலு மாமா!" என்று கத்துவேன். வலது பக்கம் திரும்பும்போதுதான் கதையே வேறு. யாரோ என் தோளைப் பிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி இருக்கும். கதவு இல்லாத பக்கம் நான். என் முழங்கைக்குக் கீழே சிமென்ட் தரை சர்ரென்று ஓடும். கயிறு வயிற்றிலிருந்து நழுவி இடுப்புக்கு இறங்கும். நான் ஒரு குழாயைக் கட்டிப்பிடித்து இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொள்வேன்.

"எவ்ளோடா?"

"நாலு மாமா!"

"கரெக்டா பாரு!"

"நாலுலதான் நிக்குது மாமா!"

ஏன் பொய் சொன்னேன்? அதே வாரம் யார்டில் கிரேன் ஆபரேட்டரை, பல்லியைப் பார்த்து அலறினார் என்பதற்காக, ஒரு மணி நேரம் ஓட்டி எடுத்திருந்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று தெரிந்தால் அவர் என்னை ஒரு வருஷம் ஓட்டுவார். ஊரையே கிண்டல் செய்கிறவனுக்குத் தன் முறை வந்தால் தாங்காது. இன்றைக்கும் எனக்குத் தாங்காது.

மாமா என்னை நம்பினார். வளைவில் ஒன்றும் இல்லை, அப்படியென்றால் உள்ளே பேரிங்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினார். மூன்றாவது தடவை இன்ஜினை இறக்கினார். மூன்று வாரம். வீட்டுச் சோற்றில் கிரீஸ் வாசனை. பேரிங் எல்லாம் புதுசு. டிராக்குக்குப் போனார்கள். முள் விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூர் போகிற லாரி யார்டுக்கு வந்து நின்றது, கூடவே சின்ன முதலாளியும். ஸ்கூல் அரை நாள். நான் யூனிஃபார்மோடு நேரே அங்கே போய்விட்டேன். மாமா வேஸ்ட் துணியால் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார். யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் இல்லாத அந்த யார்டை என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா... அன்னிக்கு ரைட்டுல திரும்ப சொல்ல நான் கண்ண மூடிக்கினேன்."

துணி நின்றது. "இன்னா சொன்ன?"

"முள்ள பாக்கல. சும்மா நாலுன்னேன்."

"ரைட்டுல மட்டுமா?"

"லெப்ட்ல பாத்தேன். சத்தியமா நாலு மாமா."

மண்டையில் நங்கென்று ஒரு குட்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து நிற்பதற்குள் அவர் காருக்கு அடியில் போய்விட்டார். உள்ளேயிருந்து கத்தினார்.

"சார்! பதினஞ்சு வருசமா ஃபோர்க்லிஃப்டே பாத்து என் புத்தி மழுங்கிட்ச்சி சார்! அது நடக்கற வேகத்துல திரும்பும், எண்ண அதும்பாட்டுக்கு அடில கெடக்கும். இது திரும்பற வேகத்துக்கு எண்ண பூரா லெப்ட் பக்கம் ஏறிக்குது. உறிஞ்சற கொயா ரைட்ல கீது. காத்த உறியுது சார், காத்த!"

கிரேன் ஆபரேட்டருக்கு எண்ணெயைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. "இன்னா நைனா, ரேஸ் டிரைவரு கண்ண மூடிக்கினு ஓட்டுவாரா?" என்றார். நான் பயந்தது அப்படியே நடந்தது.

மாமா இரண்டு மணி நேரம் கேட்டார். ஃபோர்க்லிஃப்டை வைத்துக் காரின் மூக்கைத் தூக்கி, எண்ணெயை வடித்து, இன்ஜினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார். அதற்குள்ளே உறிஞ்சும் குழாயைச் சுற்றித் தகடு வெட்டி வைத்து வெல்டிங் அடித்தார். எண்ணெய் உள்ளே வரச் சின்னச் சின்ன வழி, ஆனால் ஒரேயடியாக ஒரு பக்கம் ஓடிப்போக முடியாது. லாரி டிரைவர் மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, "ஏத்தணுமா வாணாமா, ஒண்ணு சொல்லுப்பா" என்று உயிரை வாங்கினார்.

மாட்டி முடித்ததும், ஓட்டிப் பார்க்க சின்ன முதலாளி உட்கார்ந்தார். முள்ளை யார் பார்ப்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்தப் பொய்யன் வாணாம். நானே குந்தறேன்" என்றார் மாமா.

பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் காலை மடக்கித் திணித்துக்கொண்டு, அதே தார்ப்பாய்க் கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டார். கார் கிளம்பியது. நாலு சுற்று. வலது வளைவில் அவர் உடம்பு பாதி வெளியே வந்ததைப் பார்த்தேன். ஒரு கை குழாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். "மாமா பயந்துட்டாரு! மாமா பயந்துட்டாரு!"

வண்டி வந்து நின்றது. சின்ன முதலாளி குதித்து இறங்கினார். "நாலு! எல்லா வளைவுலயும் நாலு! மாஸ்டர் நம்பர் சொல்லிக்கிட்டே வந்தாரு. லாரிய அனுப்பிடுங்க. கார் இங்கதான் இருக்கும். ரேஸுக்கு நீங்கதான் மாஸ்டர்!" யார்டே கைதட்டியது.

மாமா இறங்கவில்லை. கயிறு இடுப்புக்குக் கீழே நழுவிப்போயிருந்தது. அதன் முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆனது. இறங்கி, அந்த சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, கீழே சிமென்ட் தரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏத்துங்க சார்."

"என்ன மாஸ்டர்?"

"லாரில ஏத்துங்க. அங்கயே பாத்துக்கட்டும். எனக்கு ஃபோர்க்லிஃப்ட் போதும்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சின்ன முதலாளி கெஞ்சினார், அப்புறம் கோபப்பட்டார். கிரேன் ஆபரேட்டர், "மாமே, மெண்டலா நீ?" என்று கேட்டேவிட்டார். நான் மாமாவின் கையைப் பிடித்து உலுக்கினேன். "அதான் சரியாயிட்ச்சே மாமா! இன்னாத்துக்கு அனுப்பற?" லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு பலகையை இறக்கினார்.

நான் பொய் சொன்னதற்காகத்தான் இப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். பொய் சொன்னால் என்னை அடிக்க வேண்டியதுதானே? அதற்காகக் காரையே அனுப்புவானேன்? பெரியவர்களுக்குக் கோபம் வந்தால் கணக்கு வழக்கே கிடையாது என்று எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு மொபெட்டில் கிளம்பினோம். எப்போதும் பின்னால்தான் உட்காருவேன். கொஞ்ச தூரம் போய் மாமா வண்டியை நிறுத்தி, என்னை முன்னால் நிற்கவைத்தார். பத்து வயதுப் பையனைக் குழந்தை மாதிரி முன்னால் நிற்கவைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் டிரெய்லர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தன. அவர் ஒரு கையால் ஹேண்டில் பாரைப் பிடித்து, இன்னொரு கையால் என் சட்டையை நெஞ்சோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்திருந்தார்.

"மாமா, சட்ட கியியுது. வுடு."

விடவில்லை. ஒரு பட்டன் தெறித்து ரோட்டில் போனது.

"ஸ்கூல் சட்ட மாமா! அம்மா என்னியதான் திட்டும்!"

அப்போதும் விடவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்ட பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது. கிரீஸ் கறையோடு கசங்கிப்போன சட்டையைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் கையைத் தட்டிவிட்டுவிட்டு, அம்மாவிடம் மாமாவைப் பற்றிப் புகார் சொல்ல உள்ளே ஓடினேன்.