வெல்டரின் ஜன்னலோரம்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவரவருக்கு ஓர் இடம் உண்டு. ஆள் வராவிட்டாலும் அதில் வேறொருவர் உட்கார மாட்டார். நாடாளுமன்றத்துக்கு ஒரு தொழிலாளியை அனுப்பியே தீருவேன் என்று, சங்கச் செயலாளரான நான் மல்லுக்கட்டி எங்கள் வெல்டரை வேட்பாளராக நிறுத்தினேன். கேட் முன்னால் எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை, திருக்கழுக்குன்றம் தாண்டி அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பஸ் நிற்கவில்லை.

"யோவ், நிறுத்துய்யா! ஆளு நிக்கிறது தெரில?" என்று கத்தினேன்.

"அவர ஏத்தக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிக்கிறாங்க அண்ணாத்த. என்னை இன்னா பண்ணச் சொல்ற?" என்றார் டிரைவர்.

எல்லோரும் செல்போனுக்குள் குனிந்திருந்தார்கள்.

அடுத்த நிறுத்தத்தில், முந்தின நாள் அவருக்கு மாலை போட்டவர் ஏறினார். யாரிடமும் எதுவும் கேட்காமல், நேராகப் போய் வெல்டரின் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தார்.