இருபது யார் தள்ளி ஒரு படிக்கம்

சங்கக் கூட்டத்தில் வாய் திறக்க வீரகத்திக்கு அனுமதி இல்லை. ஆனால் யார் எவ்வளவு நேரம் வாய் திறப்பது என்பதைப் பாதிக்குமேல் அவர்தான் தீர்மானித்தார்.

ஓமந்தைக்குக் கிழக்கே இருந்த கிராமச் சங்கம் ஒன்றில் பதினெட்டு வருடம் பியோன் வேலை. மணி அடிப்பார், அறிவித்தல் கொண்டுபோவார், கதிரை துடைப்பார், வெற்றிலைத் தட்டம் நீட்டுவார். அந்தக் கடைசி வேலையில்தான் அவருடைய முழுக் கெட்டித்தனமும் இருந்தது. கூச்சக்கார அங்கத்தவருக்கு இளம் வெற்றிலையில் சீவல் பாக்கு வைத்துக் கொடுப்பார். இரண்டு மெல்லில் தீர்ந்துவிடும், மனிதர் கதைக்கத் தொடங்குவார். விடாமல் கதைப்பவருக்கு இரட்டை வெற்றிலை, காய்ந்த பாக்கு, ஒரு விரல் நீளத்துக்கு யாழ்ப்பாணப் புகையிலை. கால் மணித்தியாலத்துக்கு அந்த வாய் அடைபட்டுக் கிடக்கும்.

அங்கத்தவர் நடராசாவிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. வெற்றிலையைக் கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, சன்னலால் எட்டித் துப்பிவிட்டு, விட்ட இடத்தில் பிடித்துக் கதைப்பார். ஊர்ப்பயிரை மேயும் கட்டாக்காலி மாடுகளில் தொடங்கினால் மூன்றரை பஸ் வந்து நிற்கும்வரை மாடுகள்தான். பஸ் வந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

இதனால் தாகத்தோடு கிடந்தவர்கள் காட்டோரத்தில் பதினேழு குடும்பம். ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பிரசாவுரிமை இல்லை, வாக்கும் இல்லை. அவர்கள் ஒரு கிணறு கேட்டு எழுதிய மனு நிகழ்ச்சி நிரலில் எப்போதும் பதினோராவது. அதைப் பேச வந்த இராசாத்தி மூன்று கூட்டம் வெளி வாங்கில் குந்தியிருந்துவிட்டு, மூன்று தரமும் பஸ் சத்தத்தோடு எழும்பிப் போனாள். ஆவணி பிறந்ததும் குளம் சேறாகிவிட்டது.

"இனி வரமாட்டேங்க. வந்து வந்து வேல கெட்டதுதான் மிச்சம்," என்றாள்.

"இன்னும் ஒருக்கால் வா பிள்ளை. நீ கதைப்பாய். நான் சொல்லுறன்," என்றார் வீரகத்தி.

சொல்லிவிட்டார், வழிதான் தெரியவில்லை. வழியை நடராசாவே கொண்டுவந்தார். சங்கத்துக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். சுவரைப் பார்த்துப் பூரித்துப்போன அவர், உள்ளேயோ சன்னலாலோ துப்பக்கூடாது, எச்சில் துப்பும் படிக்கத்தைக் கட்டடத்திலிருந்து இருபது யார் தூரம் தள்ளி வைக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார். ஏகமனதாக நிறைவேறியது. வீரகத்தி நாடா பிடித்து அளந்து, வேலியோரப் புளியமரத்தடியில் படிக்கத்தை வைத்தார். ஒரு அங்குலம்கூடக் குறைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில், மாடுகள் தொடங்கும்போதே தட்டம் நடராசாவிடம் போய்விட்டது. மூன்றாவது மாட்டில் வாய் நிறைந்தது. வீரகத்தி மிகுந்த மரியாதையோடு கதவைத் திறந்துவிட்டார். நடராசா புளியமரத்துக்குப் போய் வந்தார். தட்டம் மறுபடி நீண்டது. திரும்பவும் போனார். அந்த இடைவெளிகளில் பத்து விடயங்கள் ஓடி முடிந்தன.

பதினோராவது வந்தபோதுதான் தட்டத்தில் ஒன்று குறைவதை வீரகத்தி கண்டார். வெற்றிலையே போடாத சேர்மன் ஐயாத்துரை, பல்வலிக்கு நல்லதென்று, நடராசாவுக்காகச் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டிருந்தார். வெளியார் கதைப்பதற்குச் சேர்மன் அனுமதி கொடுக்கவேண்டும். சேர்மன் கன்னம் உப்ப இராசாத்தியைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இதை எப்பிடி எழுதுறது?" என்றார் கிளாக்கர் யோகலிங்கம்.

"அனுமதிச்சார் எண்டு எழுதுங்கோ, ஐயா," என்றார் வீரகத்தி. பதினெட்டு வருடத்தில் அவர் கூட்டத்துக்குள் கதைத்த முதற்பேச்சு அது.

இராசாத்தி எழும்பினாள். புளியமரத்தடியில் அந்தக் குரல் கேட்டதும் நடராசா துப்பாமலே ஓடிவந்தார். வாசலில் நின்று கையை வீசினார், விரலை ஆட்டினார். சொல் மட்டும் வெளியே வரவில்லை. அங்கே துப்பினால் தீர்மானம் போட்டவரே குற்றவாளி.

"ஐயாவுக்குத் தெரியுங்க," என்று அவரையே சாட்சிக்கு இழுத்தாள் அவள். "ஐயா வளவுக் கெணறு வெட்டினது எம் புருசன். இருபதடியில கருங்கல்லு. பதினோரு நாளா உளி அடிச்சாரு. ஊத்து வந்தப்போ மொதச் செம்பு ஐயா கையிலதான் குடுத்தாரு. இல்லீங்களா?"

எல்லோரும் நடராசாவைப் பார்த்தார்கள். அவர் திரும்பி மெல்ல நடந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அது மெய்தான்," என்றார். "நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா தோட்டக்காட்டுச் சனத்துக்கு வாக்கே இல்லை. பிறகென்னெண்டு எங்கடை சங்கம் கிணறு குடுக்கிறது?"

இதற்குள் சேர்மனும் ஒருமுறை புளியமரம்வரை போய்வந்துவிட்டார். "நடராசா, உம்மடை கிணத்தடிக்கு ஆர் வந்தாலும் வாக்காளர் இடாப்பைப் பாத்துத்தானோ தண்ணி வாக்கிறனீர்?"

சிரிப்பு எழுந்தது. நடராசாவும் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "அப்பிடியெண்டா இவையின்ரை கிணத்திலை எங்கடை ஆக்களும் அள்ளலாமோ?"

"அள்ளுங்க ஐயா. நாங்க எப்ப வேணான்னோம்? கல்லும் சீமெந்தும் மட்டும் குடுங்க. வெட்டுறத நாங்க வெட்டிக்கிறோம்."

பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. கிணற்றுத் தீர்மானத்தை வழிமொழிந்தவர் நடராசாதான். அவரில்லாமல் ஒன்று நிறைவேறியது என்று பெயர் வரக்கூடாதாம்.

முப்பத்திரண்டு அடியில் தண்ணீர் கண்டது. முதற்செம்பை இராசாத்தி வீரகத்தியிடம் கொடுத்தாள். வெற்றிலையைத் துப்பி வாயைக் கொப்புளித்துவிட்டு அவர் குடித்தார்.

அதற்குள் நடராசாவுக்கு விடயம் விளங்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில் வெற்றிலைத் தட்டமே கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது. அந்தப் பதினேழு வீடுகளுக்கும் வண்டி போய்வர ஒழுங்கை போடும் விடயம் பதினோராவதாகக் கிடந்தது. மாடுகள் முடியுமுன் மூன்றரைக்குப் பஸ் வந்தது.

வீரகத்தி வீட்டுக்கு வந்து மனைவி ஜெகதீஸ்வரியைக் கூப்பிட்டார்.

"வாற கூட்டத்துக்குக் கொஞ்சம் எள்ளுப்பாகு செய்துதாரும். பாகை நல்லா இறுக்கிக் காய்ச்சும்."

"இறுகினாப் பல்லிலை ஒட்டுமப்பா."

"ஓமப்பா," என்றார் வீரகத்தி. "ஒட்டத்தான் வேணும்."