முதல் தெரிவை விட்டுக்கொடுத்தவர்

எண்பதுகளில், விரி என்ற புறநகரில் நான் வேலை செய்த கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்தான் எங்கள் கால்பந்து அணிக்கும் பொறுப்பு. ஃபிஜித் தமிழர், மெலிந்தவர், குளிரிலும் அரைக்காற்சட்டைதான். யாராவது பேச்சுக் கொடுத்தால், வண்டியின் இரும்புக் கைகளைத் தரைவரை இறக்கிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

புதிதாக வேலைக்கு வந்தவர்களை நான்கு கிடங்குகளின் அணிகளும் முறைவைத்துத் தெரிவு செய்யும். அந்த ஆண்டு முதல் தெரிவு எங்களுக்கு. எல்லோர் கண்ணும் ஓர் உயரமான சமோவாக்காரன் மேல். ஆனால் பக்கத்துக் கிடங்கு, முதல் இடத்தைத் தந்தால் தங்கள் இரண்டு தெரிவுகளைத் தருவதாகச் சொன்னது. இவர் சம்மதித்துவிட்டார். அணியில் முணுமுணுப்பு.

"ஒருத்தன் காலு பிசகினா சீசனே போச்சு. ரெண்டு பேர் இருந்தா ஒருத்தனாவது நிப்பான்," என்றார்.

அப்படி எடுக்கப்பட்ட இரண்டு புதியவர்களில் ஒருவன் நான். சமோவாக்காரன் எங்களுக்கு எதிராகவே மூன்று கோல் அடித்தான்.

பிறகு ஒருநாள் கேட்டேன். "அண்ணை, என்னை வேணுமெண்டுதான் எடுத்தனீங்களோ, இல்லாட்டி எண்ணிக்கைக்கோ?"

சுமையில்லாத இரும்புக் கைகளை மெதுவாக இறக்கினார்.

"ஒரு ப்ராக்டிஸுக்கும் நீ வராம இருந்ததில்ல," என்றார். இரும்புக் கைகளைத் தூக்கிக்கொண்டு வண்டியோடு போய்விட்டார்.

அது என் கேள்விக்குப் பதில்தானா என்று இன்றும் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை ப்ராக்டிஸ் நேரத்தில் நல்ல மழை. நான் போனேன்.